மடியில் வைத்த கலயம்

பெண்களின் எதிர்ப்பையும் வலிமையையும் தேசம் முழுவதும் ஒரே நாளில் போற்ற வேண்டுமென்று மாதர் சங்கங்கள் குறித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், கொழும்பு மண்டபத்து மேடையில் என் நாற்காலி காலியாக இருந்தது. நான் எங்கே போனேன் என்று பலர் கேட்டார்களாம். சபைக் கூச்சம் என்று சிலர் விடையும் சொன்னார்களாம். கல்லூரி விவாதக் கழகத்தில் எதிரணிக்கு மூச்சுவிட இடம் கொடாமல் வாதாடியவளைப் பற்றி இப்படிச் சொன்னவர்களை நான் மன்னிக்கிறேன். அன்றைய தினம் நான் திருவிதாங்கூரின் தென்கோடியில், ஒரு சிறிய கிறிஸ்தவக் கோவிலின் பாய்மேல், வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தேன். அது ஏன் என்பதைச் சங்கத்துச் சகோதரிகளுக்கு முறையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன காரியம் ஒன்றே ஒன்று: என் அக்கா நேசத்தை வீட்டுக்கு அழைத்து வருவது. அம்மா இறந்த பின், எங்கள் பெற்றோர் பிறந்த நாஞ்சில் நாட்டு ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லையென்று கேட்டு, ஒரு வருஷத்துக்கென்று போனவள் அவள். மூன்று வருஷமாகியும் திரும்பவில்லை. புறக்கோட்டைக் கடையில் கணக்கெழுதிவிட்டு வரும் அப்பாவும் நானும் இருவர் மட்டும் உண்ணும் வீடாயிற்று எங்கள் வீடு.

எனக்கு வேறொரு குறையும் இருந்தது. நான் பேசிய கூட்டங்களில் எல்லாம் நேசக்கா கடைசி வரிசையில் உட்காருவாள். என் குரல் தாழ்ந்தால் வலக்கையைக் காதருகே கொண்டுபோவாள். என் பேச்சு விரைந்தால் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்துவாள். அவள் போனபின் நான் பரிசுகள் வாங்கியிருக்கிறேன். ஆயினும் ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியம் முடியுமுன் என் கண் கடைசி வரிசைக்குப் போய், அங்கே யாரோ அந்நியர் விசிறிக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பும். இந்தப் பெரிய நாளிலாவது அந்தக் கை அங்கே இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் எங்கள் பஸ் நுழைந்தது. அங்கே வீசும் காற்றைக் காற்று என்று சொல்வது அதற்கு அவமரியாதை. கொழும்புக் காலிமுகத் திடலில் மாலையில் வீசுவது அதன் பக்கத்தில் வெறும் பெருமூச்சு. சுங்கச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பெட்டிகளைக் கிளறினார்கள். என் பெட்டியில் மேலாக இருந்த கற்றைக் காகிதத்தை ஓர் உத்தியோகஸ்தர் எடுத்து, எழுத்து விளங்காமல் புரட்டி, இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார். மேடைப் பேச்சு என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதன் தமிழ் இது: "இதற்கு வரி போட்டால் நாட்டில் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள், அனுப்பிவிடு."

தோவாளையைத் தாண்டுமுன் சக்கரம் ஒன்று காற்றிழந்தது. பிச்சிப்பூக் கூடைகளோடு ஏறியிருந்த பெண்கள் மூவர் பூவைத் தூக்கிக்கொண்டு புளியமரத்து நிழலுக்கு ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி ஓட்டுநரைப் பார்த்து, "லேய், பூவு வாடிச்சுன்னா நாகரோயில்ல உன் தலையிலதாம்லே வைக்கணும்" என்றாள். அவரோ சக்கரத்தின் கீழிருந்தபடியே, கல்யாணமாகாத தலை, பூ வைத்தால் நல்லதுதான் என்றார். காத்திருந்த நேரத்தை அவர்கள் வீணாக்கவில்லை. வாழைநாரை எடுத்துப் பாதிக் கூடையைச் சரமாக்கிவிட்டார்கள். கொழும்பில் டிராம் நின்றால் நாங்கள் முணுமுணுப்பது மட்டுமே வழக்கம்.

நாகர்கோவிலில் புட்டும் மட்டிப்பழமும் உண்டேன். விரல் நீளமே உள்ள அந்த வாழைப்பழத்தின் மணம் கையைக் கழுவிய பின்னும் போகவில்லை. அங்கிருந்து இராஜாக்கமங்கலம் சாலையில் மாட்டுவண்டி. ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதில் வருகிறவர்கள் எல்லாரும் வாரந்தோறும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டியவர்கள். சொல்லும் பெயர்களும் மாற்றிய பெயர்களே.

அக்கா வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். "வந்தியா குட்டி" என்று அவள் கேட்டபோது, அந்த ஒரு சொல்லிலேயே அவள் பேச்சில் ஊர் ஏறியிருப்பது தெரிந்தது. அவித்த மரச்சீனிக் கிழங்கும், தேங்காய் அரைத்த நெத்திலிக் குழம்பும் பரிமாறினாள். மரவள்ளிக் கிழங்கை நான் கொழும்பிலும் தின்றிருக்கிறேன். இந்தக் குழம்போடு தின்றதில்லை. உண்டு முடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னேன். அப்பாவின் நிலையைச் சொன்னேன். திரும்பும் நாள் செவ்வாய் என்றும், அடுத்த வார ஞாயிறு கூட்டத்தில் அவள் கடைசி வரிசையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் இலையை மடித்து எடுத்தபடி, "பாப்போம்" என்றாள். வாதத்தில் தோற்காதவர்கள் கையாளும் விடை அது ஒன்றே.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் புன்னைமரத்தடியில் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கான அறை பூட்டியிருந்தது. அறை இருக்க மரத்தடி எதற்கு என்று கேட்டேன். "இங்க காத்து நல்லா வருதுல்லா" என்றாள் அக்கா. மத்தியானம் ஓர் அம்மாள் ஒரு பானைக் கஞ்சியும் பயறும் சுமந்து வந்து பிள்ளைகளுக்கு ஊற்றினாள். தாயம்மை என்று பெயர். கணவர் பனையேறுகிறவர், இவள் கருப்பட்டி காய்ச்சுகிறவள். அடுப்பு வெக்கையில் சிவந்த கண்களால் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"கொளும்பு மேடைக்காரி இவளாக்கும். வாய் பெருசா இருக்கும்னு நெனச்சேன். நம்மள மாதிரித்தான் இருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கஞ்சி யார் செலவு என்று கேட்டதற்கு இருவரும் ஒரே சமயத்தில் வேறு பேச்சுக்குத் தாவினார்கள். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது என்று மட்டும் அறிந்தேன். அது என்னவென்று மறுநாள் ஊரறிய அறிந்தேன்.

பிடியரிசி என்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்து அடுப்பருகே இருக்கும் கலயத்தில் போடுவார்கள். ஞாயிறுதோறும் அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய மரப்பெட்டியில் கொட்டுவார்கள். கோவில் காரியங்களில் பாதி அந்த அரிசியால் நடப்பது. கொழும்பிலும் அம்மா ஒரு பிஸ்கத்துத் தகரத்தில் பிடி எடுத்து வைப்பாள். அவளோடு அது எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று.

ஞாயிறு காலை அக்கா பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்ல முன்னதாகப் போய்விட்டாள். நான் கிளம்பும்போது அடுப்பருகே கலயம் வாய்வரை நிறைந்திருப்பதைக் கண்டேன். அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று எண்ணினேன். அம்மாவின் கையைப் போலவே மேலே அரிசியை வழித்துச் சமன் செய்து, முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனேன். சொன்னால் சிரிப்பீர்கள்: வழியெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தேன். ஜெபம் முடிந்த அமைதியில் எழுந்து, பெட்டியின் மூடியைத் தூக்கிக் கொட்டினேன்.

பெட்டி காலியாக இருந்தது. அடிப்பலகையில் அரிசி விழுந்த ஓசை கோவில் முழுதும் கேட்டது. பெண்கள் பக்கத்துத் தலைகள் அத்தனையும் திரும்பின. அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிலையும் பள்ளிக்கூடத்தையும் நடத்தும் கமிட்டியின் செயலாளர் ஞானமுத்து அறிவிப்புகள் சொல்ல எழுந்தவர், முகம் மலர்ந்து, வாத்தியாரம்மா வீட்டிலிருந்தே பிடியரிசி மறுபடி வரத் தொடங்கியிருப்பதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். மற்ற வீட்டுப் பெண்களும் மனக்கசப்பை விட்டு இதைப் பின்பற்றுவார்கள் என்று நம்புவதாகவும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பெண்பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புப் போதும் என்று கமிட்டி தீர்மானித்து, ஐந்தாம் வகுப்பு அறையைப் பூட்டி, அவள் சம்பளத்தையும் நிறுத்திவிட்டது. ஊர்ப் பெண்கள் மறு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு முதல் யாருடைய கலயமும் கோவிலுக்கு வரவில்லை. பிடி எடுப்பதை ஒருத்தியும் விடவும் இல்லை. நிறைந்த கலயங்கள் தாயம்மை வீட்டுக்குப் போயின, அங்கிருந்து கஞ்சியாய்ப் புன்னைமரத்தடிக்கு வந்தன, ஒரு பங்கு அக்காவின் அடுப்புக்கும் வந்தது. மூன்று மாதமாகக் கோவில் பெட்டி காலி. அந்தக் காலிப் பெட்டியில்தான் நான் கொட்டினேன், அதுவும் அவள் கலயத்தை.

ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ மேடையில ஏத்திருவ, குட்டி. இது மேடைக்குப் போனா, கொளும்புக்காரி சொல்லிக் குடுத்துப் பெண்டுகள் ஆடுதாளுவன்னு ஆயிரும். இவ்வளவு நாளும் அவங்களுக்குச் சொல்ல ஒரு பேரு கெடைக்கல்ல. அதனாலதான் நின்னுது."

திங்கட்கிழமை மரத்தடியில் பாதிப் பிள்ளைகளே இருந்தார்கள். வாத்தியாரம்மாவே கொட்டிவிட்டாள், உனக்கென்ன வந்தது என்று சில வீடுகளில் ஆண்கள் கேட்டிருந்தார்கள். அக்கா ஊரைவிட்டுப் போகப் போகிறாள், போகுமுன் கமிட்டியோடு சமாதானம் செய்துகொண்டாள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. என் பெட்டி வந்து இறங்கியதே அதற்குச் சாட்சியாயிற்று. தாயம்மை கஞ்சிப் பானையை இறக்கிவிட்டு என்னைப் பாராமலே கேட்டாள்: "ஏட்டி மக்கா, மூணு மாசம் நாங்க கெட்டினத ஒரு கலயத்துல கவுத்திட்டியே. கோவிலுக்குப் போட்டது நல்ல காரியம்லா, உன்ன ஏசவும் முடியல்ல."

அன்று மாலை அக்காவிடம் செவ்வாய்க்கிழமைப் பயணத்தைப் பற்றிப் பேசினேன். பேசினேன் என்பதைவிட மன்றாடினேன் என்பதே பொருந்தும். அப்பாவின் இருமலைச் சொன்னேன், அம்மாவின் காலி நாற்காலியைச் சொன்னேன், கடைசி வரிசையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். பின்பு, "நான் இப்ப உங்கூட வண்டி ஏறினா, நீ கொட்டினது நான் கொட்டினதா ஆயிரும்" என்றாள். நான் அறிந்த வாதமுறைகள் எதிலும் இதற்கு மறுப்பில்லை. அவளை அழைத்துப் போக வந்த கையே அவளை அங்கே கட்டிப் போட்டுவிட்டது.

செவ்வாயன்று வண்டி என்னையும் ஏற்றாமலே போயிற்று. புதன்கிழமை கமிட்டி கூடியது. நான் கெடுத்ததை நானே நேராக்குவேன் என்று சொல்லி, அக்கா தடுத்தும் கேளாமல், அனுமதி பெற்றுப் பேசினேன். நன்றாகவே பேசினேன். உப்பு அள்ளி அடிபட்ட பெண்களையும், கள்ளுக்கடை வாசலில் வெயிலில் நின்ற பெண்களையும், கைக்குழந்தையோடு சிறை சென்ற பெண்களையும் நிறுத்தி, அவர்களுக்குப் பின்னே இவ்வூர்ப் பிள்ளைகளை நிறுத்தினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சீராக ஒரு பேச்சு அமைந்ததில்லை. ஞானமுத்து கண் கலங்கிவிட்டார்.

"கேக்கக் கேக்க ஆனந்தமா இருந்து மக்கா. உங்க அப்பாவுக்கு நான் தனியா எழுதணும்" என்றார். அடுத்த காரியமாகக் கோவில் கூரைக்கு ஓடு மாற்றுவதை எடுத்துக்கொண்டார்கள். அறையின் சாவி அவர் இடுப்புக் கயிற்றிலேயே தொங்கியது.

வெளியே தாயம்மை காத்திருந்தாள். முடிவை என் முகத்தில் படித்துக்கொண்டாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. அவள் சொன்னது இவ்வளவே: "வாற ஞாயித்துக்கெழம எல்லாரும் கலயத்தோட வாறோம். கொட்டாண்டாம். மடியில வச்சிட்டு இருந்திட்டு, அப்பிடியே கொண்டுட்டுப் போவோம். கொட்டினவளும் இருக்கணும். இல்லேன்னா சரிவராது."

அந்த ஞாயிறு எந்த ஞாயிறு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வியாழனன்று புறப்பட்டால் கொழும்பு மேடைக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட்டது. அன்றிரவு படுக்கையில் அக்கா என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சினந்து புறப்பட்டிருப்பேன். வியாழன் காலை நாகர்கோவிலுக்குப் போய்ச் சங்கத்துக்கு, வர இயலவில்லை என்று தந்தி கொடுத்தேன். திரும்பும் வழியில் வாங்கிய மட்டிப்பழத்தில் அன்று மணம் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை அக்கா என்னை இராஜாக்கமங்கலத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். வள்ளங்கள் கரையேறியிருந்தன. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையில் ஆழ்ந்தார்கள். காலிமுகத் திடலில் நாங்கள் சிறுமிகளாய் நின்று பார்த்ததும் இந்தக் கடலைத்தான். அங்கே நின்றபோது எங்கள் அம்மா இந்தப் பக்கம் கைகாட்டி ஊர் அங்கே இருக்கிறது என்பாள். இங்கே நின்று எந்தப் பக்கம் கைகாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு அங்க பேச வச்சிருந்தத இங்க பேசு" என்றாள் அக்கா.

அலையின் முன்னா என்றேன். அவள் ஒரு மண்டபத்தின் நீளத்துக்கு நடந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். நான் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடியுமுன் அவள் வலக்கை காதருகே போயிற்று. குரலை உயர்த்தினேன். சிறிது நேரத்தில் உள்ளங்கை கவிழ்ந்து தாழ்ந்தது. நிதானித்தேன். வலை பொத்தினவர்களில் ஒருவர், அந்தப் பிள்ளைக்கு என்ன கேடு என்று மற்றவரைக் கேட்டது இடையில் காதில் விழுந்தது. முடிவுரைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. அவள் கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்தப் பேச்சு ஒருமுறைதான் பேசப்பட்டது, ஒருத்திதான் கேட்டாள். அதற்குமேல் அதற்கு ஒரு சபையை நான் இன்றும் வேண்டவில்லை.

ஞாயிறு வந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோவிலுக்குள் நுழைந்து பாயில் அமர்ந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு கலயம். திங்களன்று பின்வாங்கிய வீடுகளிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. அக்காவின் கலயம் என் மடியில் இருந்தது. போன வாரம் காலியாக்கியதில் ஒரு வாரப் பிடியே சேர்ந்திருந்தது, பாதிக்கும் குறைவு. அதை எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டேன். பாட்டுக்கு எழுந்தபோது கலயங்களும் எழுந்தன. ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது அவையும் உட்கார்ந்தன. உபதேசியார் அன்று பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார்.

முன்வரிசையில் வழக்கமான இடத்தில் செயலாளரின் மனைவி ரோசம்மாள் இருந்தாள். மூன்று மாதமாக அவள் இந்தக் காரியத்தில் இப்பக்கமும் இல்லை, அப்பக்கமும் இல்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். ஞானமுத்து அறிவிப்புகளைப் படிக்க எழுந்தார். அந்த நேரம் பார்த்து ரோசம்மாள் முந்தானையை விலக்கினாள். அவள் மடியிலும் ஒரு கலயம் இருந்தது. பித்தளையில், துலக்கி வைத்தது, வாய்வரை அரிசி.

என் பின்னால் ஒரு முணுமுணுப்பு கேட்டது: "ஏட்டி, ரோசம்மா மைனி எத்தற நாளா சேத்து வச்சிருக்கான்னு பாரு." தாயம்மையின் குரல் அதை அடக்கியது: "சிரிக்காத, சவமே. அவ அழுகா."

ஞானமுத்து தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஓடு மாற்றும் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். ஆராதனை முடிந்து பெட்டியைக் கடந்து நாங்கள் வெளியேறினோம். பெட்டியின் மூடியை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் ரோசம்மாளே சாவியைக் கொண்டு வந்தாள். கமிட்டி தீர்மானம் மாறவில்லை. அடுத்த முறை கூடி முடிவு செய்யும் வரையில் வகுப்பு உள்ளே நடக்கட்டும் என்று மட்டும் செயலாளர் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். பின்பு ரோசம்மாளிடம், கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். அந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் மண்டபத்தில் கூடியிருந்தீர்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் அறைக்குள் போன சத்தம் கேட்டபின் நான் வண்டி ஏறினேன். அடுத்த கமிட்டி எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. அது கூடும் நாளில் அக்கா அங்கே இருந்தாக வேண்டும். அதனால் எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. தாயம்மை ஓர் ஓலைப் பெட்டியில் கருப்பட்டி கட்டித் தந்து, "அப்பாவுக்குக் குடு. பிள்ளைய எங்களுக்குத் தந்திருக்காருல்லா" என்றாள். ஆரல்வாய்மொழியில் என் காகிதக் கற்றையை இம்முறை யாரும் புரட்டவில்லை.

சங்கத்துச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். மேடையை நான் குறைவாக எண்ணவில்லை; அடுத்த ஆண்டு எனக்கு நாற்காலி போடுங்கள், வருவேன். என் பேச்சில் ஒரு வாக்கியத்தையும் நீக்கப் போவதில்லை. ஒன்றைச் சேர்ப்பேன். எதிர்த்து நின்ற நாளை நாம் கொண்டாடுகிறோம். அதற்கு மறுநாளும், அதற்கடுத்த நாளும் அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் நிற்கிறவள் ஒருத்தி உண்டு. அவளுக்கும் ஒரு வீடு எங்கோ இருக்கிறது. அந்த வீட்டில் அவளுக்காகக் காத்திருப்பவர்களும் அந்த நாளுக்குத் தங்கள் பங்கைக் கொடுத்தவர்கள்தாம்.

வந்த அன்று அப்பா வாசலில் நின்று, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். நான் கருப்பட்டிப் பெட்டியைக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே, காப்பி போடு என்றார்.

அம்மாவின் பிஸ்கத்துத் தகரத்தைத் தேடி எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். காலையும் மாலையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அதில் போடுகிறேன். தகரம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. நிறைந்ததும் எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம் என்று அப்பா கேட்டார். இங்கேயும் கோவில் இருக்கிறது, ஏழைகளும் இருக்கிறார்கள். இப்போதைக்கு மூடி வைத்திருக்கிறேன். அக்கா வரும் அன்று மூன்று பேருக்கு உலை வைக்க வேண்டும்.